விளம்பர அழைப்புக்குக் கடிவாளம், எச்சரிக்கைக்கு விதிவிலக்கு

கையடக்கத் தொலைபேசிக்கு வரும் பதிவுசெய்த விளம்பரக் குரலைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நமது சம்மதமின்றி விளம்பரச் செய்தி அனுப்புவதற்குத் தடை விதிக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. விளம்பரம் வேண்டாம் என்பவர் அந்த எண்ணைத் தடுத்துக்கொள்ளலாமே என்பர் சிலர். ஒன்றைத் தடுத்தால் வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு வரும். தொல்லை தருபவர் சும்மா இருக்க, அதைத் தடுக்கும் பொறுப்பைத் தொல்லைப்படுபவர் சுமப்பது நியாயமல்ல.

இத்தகைய கட்டுப்பாடு மண்சரிவு எச்சரிக்கையையும் முடக்கிவிடாதா என்ற கேள்வி பதுளை மாவட்டத்துக்கு முக்கியமானது. 2014 ஒக்டோபர் 29 அன்று இம்மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்ததை ஊவா மாகாணம் மறக்கவில்லை. ஆனால் விளம்பரத்தையும் எச்சரிக்கையையும் பிரிப்பது கடினமல்ல. அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கி அழைப்புகளுக்கு முன்சம்மதம் கேட்கிறது. அவசரநிலை அழைப்புகளுக்கு விலக்களிக்கிறது. உண்மையில், விளம்பரத்தால் சலித்தவர் அறியாத எண்ணை எடுக்கவே மாட்டார். அப்போது எச்சரிக்கையும் வீணாகும். எனவே சம்மத விதியை உடனே அமுல்படுத்தி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மக்கள் எளிதில் அடையாளம் காணும் தனி எண் ஒன்றை ஒதுக்கி, தோட்டங்களுக்கான எச்சரிக்கையைத் தமிழிலேயே ஒலிக்கச் செய்ய வேண்டும்.