'நமக்கென்ன?' என்று கேட்போருக்கு!

"சர்க்கார் ஊழியனுக்கு என்ன குறை? மாதம் பிறந்தால் சம்பளம்! நாமோ சனிக்கிழமைப் பட்டுவாடாவை நம்பி ஓவர்லாக் மிஷினோடு மல்லுக்கட்டுகிறோம். அவன் கொடி பிடித்தால் நமக்கென்ன?"

திருப்பூரிலே, டீக்கடைப் பெஞ்சிலும் பனியன் கம்பெனி வாசலிலும் இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது. பேசுவோர் பகைவரல்லர், பாடுபட்டுக் கை காய்த்துப்போன நம் தோழர்கள். ஆகவே கோபிக்கவில்லை, விளக்கிச் சொல்லவே விரும்புகிறோம். 1947, 2003, 2025: இந்த மூன்று ஆண்டுகளின் கதையைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள் நமக்கென்ன என்று!

1947-ல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. ரயில், தபால், மின்சாரம், குடிநீர், துப்புரவு ஆகியவை பொதுப் பயன்பாட்டுப் பணிகள். இவற்றில் உழைப்போர் முன்னறிவிப்புத் தந்து, 14 நாள் பொறுத்த பிறகே வேலைநிறுத்தம் செய்யலாம் என்றது அச்சட்டம். ஊர் தவிக்கக் கூடாதாம்! மற்றத் தொழில்களுக்குப் பொதுவாக அந்தக் கட்டு இல்லை. பஞ்சப்படி கேட்டு, 1984-ல் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து காட்டியது இதே திருப்பூர்! அடுப்பு அணைந்தது, நெஞ்சின் கனல் அணையவில்லை.

2003 வந்தது. பறிக்கப்பட்ட சலுகைகளைத் திருப்பிக் கேட்டு, ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்னும் கூட்டமைப்புகளின் அழைப்பில், தமிழகமெங்கும் அரசு ஊழியரும் ஆசிரியரும் ஜூலைத் திங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மையார் ஜெயலலிதாவின் ஆட்சி என்ன செய்தது? அழைத்துப் பேசிற்றா? இல்லை! எஸ்மா என்றது, டெஸ்மா என்றது, ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையைவிட்டே விரட்டியது! நீதி தேடி உச்சநீதிமன்றம் போனார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே கிடையாது என்று ஆகஸ்டு 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் மீண்டும் வேலை என்றார்கள். கொற்றவன் அவையேறிக் குற்றம் எடுத்துரைத்த கண்ணகியின் நாட்டில், கேட்டவன் மன்னிப்பு எழுதினான்!

அன்றும் சிலர் சொன்னார்கள், நமக்கென்ன என்று.

இதோ, 2025! நவம்பர் 21-ஆம் நாள் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது டில்லி ஆட்சி. அது என்ன சொல்கிறது? எந்தத் தொழிற்கூடமானாலும், 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது! சமரசப் பேச்சு நடக்கையிலும் கூடாது! பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தமே! மீறினால் 1,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம்வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் விழலாம்!

பார்த்தீர்களா, தோழர்களே! தபால்காரன் கைக்கென்று அடித்த விலங்கு, இன்று டெய்லர் கைக்கும், கட்டிங் மாஸ்டர் கைக்கும், கைமடிப் பெண்ணின் கைக்கும் வந்துவிட்டது. ஊர் தவிக்கும் என்று அன்று காரணம் சொன்னார்களே, ஒரு பனியன் கம்பெனி நின்றால் எந்த ஊர் தவிக்கும்? தவிப்பது முதலாளியின் கப்பல் சரக்கு! அதற்காகவா சட்டம்?

விலங்கு மட்டுமா ஒன்று? நோயும் ஒன்றே! காண்டிராக்ட் என்ற சொல்லைத் திருப்பூர்த் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேலை வாங்குபவன் ஒருவன், கூலி தருபவன் வேறொருவன், கேட்டால் பொறுப்பேற்க எவனுமில்லை! அந்த நோய் இன்று நகராண்மை அலுவலகங்களிலும் குடியேறிவிட்டது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்தார்கள். 13-ஆம் நாள் நள்ளிரவில் போலீசு வந்து அப்புறப்படுத்தியது. கோட்டையில் பறப்பது எவர் கொடி என்று பார்த்து அனுதாபத்தை அளந்து போடுபவன் பாட்டாளியின் தோழனாகான்! நாம் அப்படி அளப்பவரல்லர்.

சங்கம் சேரும் உரிமைக்கும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமைக்கும் உலகத் தொழிலாளர் அமைப்பு 1948-லும் 1949-லும் உடன்பாடுகள் கண்டது. இந்தியா இன்னும் அவற்றுக்கு ஒப்புதல் தரவில்லை. அந்த ஒப்புதலைக் கேட்போம். வேலைநிறுத்தத்தை முடக்கும் விதிகளை விலக்கக் கேட்போம். குப்பை அள்ளும் கைக்கு நிரந்தர வேலை கேட்போம்.

தனித்தனியே கேட்டால் அது முனகல். சேர்ந்து கேட்டால் முழக்கம்! ஆதலின் கழகத் தோழர்கள் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் கூட்டம் போட்டு இந்தப் புதுச் சட்டத்தைப் படித்துக் காட்டுக! அரசு ஊழியர் ஊர்வலம் வரும் நாளில் பனியன் தொழிலாளியும் அதில் நடக்கட்டும்! நாளை பனியன் தொழிலாளி வாசலில் நிற்கும்போது, அரசு ஊழியன் 'நமக்கென்ன' என்று கேளாதிருக்க அதுவே வழி!