மக்காத பொருளும் மாந்தர் கடமையும்

காட்டில் உதிரும் சருகு என்றென்றும் சருகாகவே கிடப்பதில்லை. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் நாளடைவில் அது மண்ணோடு மண்ணாக மக்கிவிடுகிறது. வீழ்ந்த மரமும், மாண்ட விலங்கும், கடலில் இறந்த மீனும் அவ்வாறே மறைகின்றன. மக்குதலை மக்கள் இழிவாக எண்ணுகின்றனர். அழுகல் என்றும் நாற்றம் என்றும் கூறி மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். உண்மையில் அஃது இயற்கையின் பெருந்தொண்டாகும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் இரவும் பகலும் அத்தொண்டைச் செய்து வருகின்றன. பழையன மக்காவிடின் புதியன முளைப்பதற்கு இடம் ஏது? உரந்தான் ஏது?

இத்தொண்டிற்கு எளிதில் இணங்காத பொருள் ஒன்றை மனிதன் படைத்தான். அதுவே பிளாஸ்டிக். 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில், மிகுந்த அழுத்தத்தில் நிகழ்த்தப்பட்ட ஒரு சோதனையின் முடிவில், மெழுகு போன்ற வெண்மையான பொருள் ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. பாலிஎத்திலீன் எனப்படும் அப்பொருள் இரண்டாம் உலகப் போரின்போது மின்கம்பிகளுக்குக் காப்புறையாகப் பயன்பட்டது. பின்னர்ப் பையாகவும் குடமாகவும் உருக்கொண்டு உலகெங்கும் பரவியது. இலேசானது, நீர் புகாதது, விலையோ குறைவு. இக்குணங்களை மெச்சிய மக்கள், அது கெடாதிருக்கும் குணத்தையும் மெச்சினர். எறிந்த பின்னும் அது கெடாது என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அது மக்காமைக்குக் காரணம் அதன் அமைப்பே ஆகும். ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நீண்ட சங்கிலியாக அமைந்திருக்கின்றன. நுண்ணுயிர்கள் தம் உணவை முழுதாக விழுங்குவதில்லை. நொதி என்னும் பொருளைச் சுரந்து, உணவைச் சிறு கூறுகளாக வெட்டியே உட்கொள்கின்றன. இலைக்கும் மரத்திற்கும் ஏற்ற நொதிகள் பன்னெடுங்காலமாக அவற்றிடம் உள்ளன. நேற்றுப் பிறந்த பாலிஎத்திலீனின் சங்கிலியை வெட்டுவதோ அவற்றுக்கு எளிதன்று.

மக்காத பொருள் இறுதியில் கடலைச் சேர்கிறது. 1972ஆம் ஆண்டிலேயே, அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோப் பகுதியில் சிறு பிளாஸ்டிக் துகள்கள் மிதப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினர். 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் டன் முதல் 127 இலட்சம் டன் வரையிலான பிளாஸ்டிக் கழிவு நிலத்திலிருந்து கடலுக்குள் சென்றிருக்கலாம் என்பது 2015ஆம் ஆண்டில் வெளியான கணக்கு.

இந்நிலையில், 2016ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. சாக்காய் நகரில், பிளாஸ்டிக் புட்டிகளை மீண்டும் பயன்படுத்துவதற்காகப் பக்குவம் செய்யும் இடத்தில், புட்டி செய்யும் பிளாஸ்டிக்கை உணவாகக் கொள்ளும் பாக்டீரியா ஒன்று கண்டறியப்பட்டது என்பதே அச்செய்தி. உலகம் வியந்தது. இனிக் கவலை இல்லை, கிருமிகளே கடலைத் துப்புரவு செய்துவிடும் என்று பேசுவாரும் தோன்றினர். ஆனால், புட்டியின் பிளாஸ்டிக் வேறு. பையின் பாலிஎத்திலீன் வேறு. முன்னதன் பிணைப்புகளை வெட்டும் நொதி பின்னதனிடம் செல்லாது. பேசியவர்கள் இவ்வேறுபாட்டைக் கருதினாரல்லர்.

இத்தகைய பேச்சுக்கு நல்ல மருந்து, அளந்து பார்த்தலே ஆகும். நெதர்லாந்து நாட்டின் டெசல் தீவில் அரச கடல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. அங்கு டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ந்து வந்த மாணவி ஒருவர், ரோடோகாக்கஸ் ரூபர் என்னும் பாக்டீரியா பாலிஎத்திலீனை உண்மையாகவே செரிக்கின்றதா என்று அறிய முற்பட்டார். கேள்வி சிறியது, விடை காணும் வழியோ அரியது. பிளாஸ்டிக்கின் எடை குறைந்தது என்று காட்டினால் போதாது. அது துகளாக உதிர்ந்திருக்கலாம். அதில் கலந்திருந்த வேறு பொருளைக் கிருமி உண்டிருக்கலாம். அதன்மேல் கிருமி வாழ்கிறது என்று காட்டினாலும் போதாது. பாறையின்மேல் பாசி வாழ்வதால், பாசி பாறையைத் தின்கிறது என்று ஆகிவிடுமா?

ஆகவே அவர் ஓர் உபாயத்தைக் கையாண்டார். இயற்கையில் மிக அரிதாக உள்ள, எடை சற்று மிகுந்த கார்பன் அணுக்களால் ஆன பாலிஎத்திலீனைத் தேர்ந்துகொண்டார். கதிரவன் ஒளி செய்யும் வேலையைச் செய்வதற்காக அதன்மேல் புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சினார். பின்னர் அதனைக் கடல்நீரை ஒத்த நீரில், அந்தப் பாக்டீரியாவுடன் இட்டு வைத்தார். கிருமி பிளாஸ்டிக்கைச் செரித்தால், அவ்வெடை மிகுந்த கார்பன் கரியமில வாயுவாக வெளிவரவேண்டும் அன்றோ? அவ்வாறே அது வெளிவந்தது. ஆட்டின் கழுத்தில் கட்டிய மணி, ஆடு சென்ற வழியைக் காட்டுவது போல, அவ்வணு பிளாஸ்டிக் சென்ற வழியைக் காட்டிக் கொடுத்தது.

2023ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவு யாது? ஓராண்டில் ஏறத்தாழ 100இல் 1 பங்கு பிளாஸ்டிக்கை அக்கிருமி செரிக்கக்கூடும் என்பதே. இவ்வளவுதானா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அஃது அறியாமை. கிருமி பாலிஎத்திலீனைச் செரிக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. எவ்வளவு செரிக்கும் என்பதும் அளந்து கூறப்பட்டது. இல்லாததை உண்டென்று கூறாமல், சிறியதைப் பெரியதாகக் காட்டாமல், உள்ளதை உள்ளவாறு உரைப்பதே விஞ்ஞானத்தின் அறம். கடலின் பிளாஸ்டிக் இடருக்கு இதுவே தீர்வு என்று அம்மாணவி முழங்கவில்லை. பின்னர்த் துப்புரவு செய்வதினும் முன்னர்த் தடுப்பதே நன்று என்றும், அது மனிதரால் மட்டுமே இயலும் என்றும் அவர் கருதினார்.

அவ்வாறாயின், இக்கிருமிகளைப் பெருக்கிக் கடலில் விட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. ஆய்வுக்கூடம் வேறு, ஆழ்கடல் வேறு. ஆழத்தில் குளிரும் இருளும் சூழ்ந்துள்ளன. மூழ்கிய பிளாஸ்டிக்கின்மேல் கதிரவன் ஒளி படுவதில்லை. ஒளி தொடாத பிளாஸ்டிக்கைக் கிருமி எளிதில் தொடுவதும் இல்லை. மேலும், கழிவாகிய பை எது, மீனவனின் பிழைப்பாகிய வலை எது என்று கிருமி பகுத்தறியாது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டன் வந்து விழும்போது, பழையதில் நூறில் ஒரு பங்கு மறைவதால் கடல் தூய்மையாகிவிடுமா? ஓட்டைக் குடத்தை அடைக்காமல், சிந்திய நீரைத் துடைத்துக்கொண்டே இருப்பவனை உலகம் அறிவுடையவன் என்று கூறாது.

எனவே, இத்தகைய ஆராய்ச்சிகள் மேன்மேலும் வளர்தல் வேண்டும். அவற்றுக்குப் பொருளும் காலமும் தயங்காமல் அளித்தல் வேண்டும். ஆயினும், அவற்றைத் தம் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. பையைத் தெருவில் எறிபவனும், அளவின்றிச் செய்து விற்பவனும், கழிவைத் திரட்ட ஏற்பாடு செய்யாத ஊராட்சியும் தத்தம் கடமையை உணர்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர் தன்னால் இயன்ற ஒரு பங்கைச் செய்கிறது. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் அறிவு படைத்த மனிதனின் பொறுப்பேயாகும்.