படகுக்காரரோடு நின்றுபோகும் விசாரணை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் செய்தி இது: இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா பறிமுதல். கூடவே ஒரு படம். பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள், பின்னால் விறைப்பாக அதிகாரிகள், தரையில் குத்தவைத்து முகம் மறைத்த இரண்டு பேர்.

நிற்கிற அதிகாரிகள்தான் மாறுகிறார்கள். ஒருநாள் தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு, இன்னொரு நாள் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், பிறகு சுங்கத்துறை, மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமான என்.சி.பி. உட்கார்ந்திருப்பவர் என்னவோ வேன் ஓட்டுநர், சுமை தூக்கியவர், படகுக்காரர்தான். ஆந்திர-ஒடிசா எல்லை மலையில் சரக்கு ஏற்றிவிட்டவரும் இங்கே முதல் போட்டவரும் ‘தேடப்பட்டு வருகிறார்கள்’ என்பதோடு சரி.

ஸ்டேஷன் வேலையையும் பந்தோபஸ்தையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத மலையில் போய் நம் ஊர் ஆய்வாளர் எத்தனை நாள் தேடுவார்? அதற்குத்தானே மத்திய அமைப்பு! 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், மாநில அரசுகளையும் பல துறைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை 4-ஆம் பிரிவிலேயே மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. 1986-இல் என்.சி.பி. உருவானதும் அதன்படிதான். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. ஆறு மாதம்! வேன் கடந்து வந்த சுங்கச்சாவடிகளின் கேமரா, ஓட்டுநரின் செல்போனில் இருக்கும் எண்கள், இவற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போக இது போதாதா?

சேர்ந்து வேலை செய்தால் நடக்கும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் என்.சி.பி.யும் தில்லி போலீஸின் சிறப்புப் பிரிவும் கூட்டாகப் பிடித்த, போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படும் 50 கிலோ சூடோஎஃபெட்ரின் வழக்கின் நூல் சென்னை வரை வந்தது. இங்கே நாம் செய்ததென்ன? தூங்கியது மத்திய அரசா, மாநில அரசா என்று பட்டிமன்றம் நடத்தினோம். தேர்தல் நேரம் வேறு.

மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் போதைப்பொருள் தடுப்பு ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. நாகை மாவட்டத்தில் அது கடைசியாகக் கூடியது எப்போது? வெளிமாநிலத் தொடர்புள்ள வழக்குகளில் எத்தனை என்.சி.பி.க்குப் போயின? தகவல் சொல்லும் தொலைபேசி எண்ணாக மத்திய அரசு 1933 என்கிறது, மாநில அரசு 10581 என்கிறது. ஒன்றில் சொன்னது மற்றொன்றின் காதுக்கு எட்டுகிறதா? இந்த மூன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் தங்கள் இதழ் வழியாகவே பதில் சொல்ல வேண்டும். அடுத்த பறிமுதல் படத்துக்கு முன்னால் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேதாரண்யம்.