சிறப்புப் பட்டமும் கிறித்தவக் கலாசாலையும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்துவிட்டால், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை என்னும் இரு கரைகளிலும் வீட்டுத் திண்ணைகளில் எழுவது ஒரே கேள்விதான்: "பிள்ளை மேலே எங்கே படிக்கப் போகிறது?" வெளிநாட்டுக் கிறித்தவப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'ஆனர்ஸ்' வகுப்பில் இடம் கிடைக்கக்கூடும் என்று பிள்ளை சொன்னால், மூத்தோர் உள்ளத்தில் ஐயம் இரண்டு எழும். 'ஆனர்ஸ்' என்பது யாது? பிள்ளை வேதத்தில் சேர்ந்துவிடுமோ? இவ்விரண்டையும் இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ஆனர்ஸ்' என்பதைச் சிலர் கௌரவப் பட்டம் என்று கொள்வர். அது பிழை. கௌரவப் பட்டம் சான்றோருக்குப் பரீட்சையின்றி அளிக்கப்படுவது. இதுவோ உழைத்துப் பெறுவது. ஆதலால் நம் நாட்டில் இதனைச் சிறப்புப் பட்டம் என்கிறோம். பொதுக்கலைமாணிப் பட்டத்திற்கு மூன்று ஆண்டுகள். சிறப்புக்கலைமாணிப் பட்டத்திற்கு நான்கு. இலங்கையின் தகைமைச் சட்டகம் முன்னதை 5-ஆம் படியிலும் பின்னதை 6-ஆம் படியிலும் வைத்துள்ளது. பல பாடங்களை மேலோட்டமாகக் கற்பதை விடுத்து ஒரு துறையில் ஆழ்ந்து, இறுதியில் தானே ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுதுவதே சிறப்பின் பொருள்.

அமெரிக்காவில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்குள்ள சுவாத்மோர் கல்லூரி, குவேக்கர் என்னும் கிறித்தவ சபையார் 1864-இல் நிறுவியது. ஒக்ஸ்போர்டில் பயின்ற பிராங் ஐடலொட் அதன் தலைவராகி, 1922-இல் அங்கே சிறப்புக் கல்வித் திட்டத்தைத் தொடக்கினார். மாணவர் சிறு குழுவாய் அமர்ந்து வாதிட்டுக் கற்பர். அவர்களைச் சோதிக்க வெளியிலிருந்து பரீட்சகர் வருவர். பின்னாளில் இத்தகைய திட்டங்கள் அந்நாடெங்கும் பரவின. இன்று அங்குள்ள கிறித்தவப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது தனிப் பட்டமன்று. வழக்கமான பட்டப்படிப்பின்மீது ஏற்றுக்கொள்ளும் மேலதிகச் சுமையாகும். குறித்த புள்ளிக்குக் கீழே இறங்கினால் அத்திட்டத்திலிருந்து நீங்க நேரிடும். உதவிப்பணமும் அதனோடு பிணைந்திருக்கிறதா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இனி இரண்டாவது ஐயம். இதற்கு விடை நம் வாவிக் கரையிலேயே இருக்கிறது. 1814-இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இங்கு காலமானார். அவர் தொடங்கிய பணியோ மெதடிஸ்த மத்திய கல்லூரியாய் வளர்ந்தது. 1873-இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. இவற்றில் சைவப் பிள்ளைகளும் கற்றனர்.

அவர்களுள் ஒருவர் காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனனார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. ஆதலால் ஆசிரியராய்ப் பணியாற்றிக்கொண்டே படித்து, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். வேதப் பள்ளிகளில் வளர்ந்த அவரே 1924-இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். கிறித்தவக் கலாசாலை அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் அளித்தது. அவருடைய சமயத்தைப் பறிக்கவில்லை.

ஆயினும் எல்லாக் கலாசாலைகளும் ஒரு தன்மையன அல்ல. வெளிநாட்டுக் கிறித்தவப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஆலய வழிபாட்டுக்கு வருகை கட்டாயம். வேதாகமப் பாடமும் கட்டாயம். ஒழுக்க உறுதிமொழியில் கையொப்பமும் கேட்பர். இவை மறைக்கப்பட்ட செய்திகளல்ல. சேர்க்கை விதிகளில் எழுதப்பட்டிருப்பவை. கையொப்பம் இடுமுன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருந்து அவற்றை வாசிக்க வேண்டும். உடன்பட இயலாததை வாயளவில் ஒப்புக்கொண்டு சேர்வது, நிறுவனத்துக்கும் பிள்ளைக்கும் நேர்மையாகாது. அங்கே பெறும் பட்டத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிக.

கடல் கடந்தால்தான் சிறப்பு என்பதுமில்லை. 1981-இல் வந்தாறுமூலையில் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986-இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விபுலாநந்தர் காலத்தில் இல்லாத வாய்ப்பு இன்று பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் நான்காம் ஆண்டென்பது பெரிய செலவு. வயலை ஈடுவைத்தோ வலை வீசியோ பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு, ஓராண்டு உழைப்பு பிந்துவது சிறு காரியமன்று. தம்பி தங்கையரின் படிப்பும் அதனால் தடைப்படலாம். ஆதலின் மாணவர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்க: "இந்தப் பாடம் எனக்கு இன்னும் ஓராண்டு வேண்டுமா? அல்லது அந்தப் பெயர்தான் வேண்டுமா?" பாடம் வேண்டுமென்று உள்ளம் உண்மையாய்ச் சொன்னால், அந்த ஆண்டுக்கு வழி தேடுவது பெற்றோர் கடன். பெயர் மட்டுமே வேண்டுமெனில், மூன்று ஆண்டுகளில் பொதுப் பட்டம் பெற்றுக் குடும்பத்துக்குத் தோள் கொடுப்பதில் இழிவொன்றுமில்லை. இதனைப் பிள்ளையோடு அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அயலார் சொல்லுக்காக முடிவு செய்யாதீர்கள்.