பிளஸ் டூவோடு நின்றுவிடும் சைக்கிள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று 2001-ல் தொடங்கிய திட்டம், பின்னர் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் வீட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு பைக் வந்துவிடுகிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எட்டிப்பார்க்கும் முப்பது, நாற்பது வயதில் மிதிக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். உண்மையில் சைக்கிள் நமக்கு அதிகம் தேவைப்படுவது அந்த வயதில்தான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. சைக்கிள் மிதிக்கும்போது முக்கியமாக உழைப்பவை தொடைத் தசைகளும் பிட்டத் தசைகளும். உடலிலேயே பெரிய தசைகள் இவை. உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிதித்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்குவதால், ஓட்டப் பயிற்சி ஒத்துவராத பலருக்கும் இது ஒத்துவரும்.

நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமென்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கி வலியெடுக்கிறது. "எனக்கு சைக்கிள் ஒத்துக்காது" என்று விட்டுவிடுகிறோம். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை ஏற்றினாலே பாதி வலி போய்விடும்.

பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் அந்தக் காலகட்டத்தில் இறக்கும் வாய்ப்பு, கார், பேருந்தில் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. இயல்பிலேயே ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளைத் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்ற கேள்வி நியாயமானது. வயது, புகைப்பழக்கம், உணவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகே அந்த வித்தியாசம் கிடைத்தது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்கு வாரத்தில் ஐந்து நாள் சைக்கிளில் போய்வந்தால் அது நிறைவேறிவிடும். உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம்.

சைக்கிள் தரும் சந்தோஷத்தை எந்த ஆய்வும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துவிட்டு, இறக்கத்தில் பெடலை நிறுத்தினால் ஃப்ரீவீல் கிர்ரென்று பாடும், வியர்த்த முகத்தில் காற்று அடிக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது விடுதலையாகவே இருந்தது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்த பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள்.

இத்தனை இருந்தும் பெரியவர்கள் சைக்கிளைத் தொடாததற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. வெயிலுக்குக்கூட காலை, மாலை என்று நேரம் பார்த்துக்கொள்ளலாம். லாரியும் பேருந்தும் உரசிப்போகும் சாலையில் என்ன செய்வது? சென்னை மாநகராட்சி 2014-லேயே, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான வசதிகளுக்கு ஒதுக்கும் கொள்கையை ஏற்றது. அந்தக் கொள்கையின் பலன் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சாலையில் தெரியவில்லை.

பதினாறு வயதில் சைக்கிள் தரும் அரசு, நாற்பது வயதிலும் அதை ஓட்டப் பாதை தர வேண்டும். ரயில் நிலையம், சந்தை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் தடுப்பு வைத்த சைக்கிள் பாதையும், வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடும், பூட்டி வைக்க நிழலான இடமும் முதலில் வரட்டும். இவற்றுக்கு ஆகும் செலவைச் சாலைக் கணக்கில் மட்டும் எழுதாமல் மக்கள் நல்வாழ்வுக் கணக்கிலும் எழுத வேண்டும்.