சிறப்பு உட்கூறு நிதி: இந்தியா தீர்க்காத கடன்

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று இணைந்தது. உணவு, உறைவிடம், உடல்நலம், கல்வி, நியாயமான வேலைச்சூழல் ஆகியவற்றை அரசின் சலுகைகளாக அன்றி மக்களின் உரிமைகளாக மதிப்பதாக அன்று உலகின்முன் ஒப்புக்கொண்டது. இவ்வுடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2008 மே மாதம் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்து, தலித்துகள் மீதான பாகுபாடு குறித்துக் கவலை தெரிவித்தது. அடுத்த அறிக்கைக்கு 2011 ஜூன் 30 வரை கெடு விதித்தது. அக்கெடுவுக்குள் அறிக்கை அளிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டோர் அக்குழுவிடம் நேரடியாக முறையிட வழிவகுக்கும் விருப்ப நெறிமுறை 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியா கையொப்பமிடவில்லை.

உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பு இரு கடமைகளை விதிக்கிறது. தன்னிடமுள்ள வளங்களை இயன்ற உச்ச அளவுக்குப் பயன்படுத்தி உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்றுவது ஒன்று. எவ்விதப் பாகுபாடும் இன்றி அவற்றை வழங்குவது மற்றொன்று. இரண்டாவதற்குத் தவணை கிடையாது. ஆயினும் அரசுகள் ‘படிப்படியாக’ என்னும் சொல்லிலேயே ஒதுங்கிக்கொள்கின்றன.

உச்ச அளவு என்பதை எதைக்கொண்டு அளப்பது? தலித் மக்களைப் பொறுத்தவரை அதற்கான அளவுகோலை இந்திய அரசே வகுத்துள்ளது. உடன்படிக்கையில் இணைந்த அதே 1979-80இல்தான் சிறப்பு உட்கூறு திட்டமும் தொடங்கியது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விழுக்காட்டுக்குக் குறையாத நிதியை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும். அதை வேறு பணிகளுக்குத் திருப்பக் கூடாது. காலாவதியாக விடவும் கூடாது என்பதே அதன் நெறி. 2011 கணக்கெடுப்பின்படி அவ்விழுக்காடு நாடு முழுமைக்கும் 16.6, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 20.

நடந்ததோ வேறு. தில்லியில் இந்நிதியின் பல நூறு கோடி ரூபாய் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பப்பட்டது. அது தவறு என்பதை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். இந்நிதிக்கெனத் தனிச் சட்டம் கொண்ட கர்நாடகத்திலும், 2023-24இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் துணைத் திட்ட நிதியிலிருந்து 11,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசின் ‘உத்தரவாத’ நலத்திட்டங்களுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

‘அத்திட்டங்களால் தலித்துகளும் பயனடைகிறார்களே’ என்பது அரசுத் தரப்பின் வாதம். இதை நாம் ஏற்பதற்கில்லை. அனைவருக்குமான திட்டத்தில் தலித்துக்குள்ள பங்கு குடிமக்கள் என்ற முறையில் வருவது. உட்கூறு நிதி அதற்கு மேல், நூற்றாண்டுகளாகத் தொடரும் இடைவெளியை அடைப்பதற்காக வருவது. முன்னதற்கான செலவைப் பின்னதில் எழுதினால், பிறருக்குப் பொது நிதியிலிருந்து கிடைப்பதற்குத் தலித் மக்கள் தமது தனி நிதியிலிருந்து விலைகொடுக்கின்றனர். உடன்படிக்கை தடுக்கும் பாகுபாடு இங்கே வரவுசெலவுக் கணக்கின் வடிவில் நிகழ்கிறது.

மேல்நிலைக் கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்து, 60 விழுக்காட்டை ஒன்றியம் ஏற்கும் என்று வகுத்தது. இது முன்னேற்றமே. ஆனால் தொகை தாமதமானால் கட்டணம் கேட்டு நெருக்கப்படுபவர் மாணவரே. தாமதித்த அரசுக்கு எந்தத் தண்டமும் இல்லை. கேட்டுப் பெற வழியில்லாத இடத்தில் உரிமை மீண்டும் சலுகையாகிவிடுகிறது.

ஆகவே நாம் வலியுறுத்துவன: ஒன்றிய அளவில் உட்கூறு நிதிக்குச் சட்டம் வேண்டும், பொதுத் திட்டச் செலவை அதில் கணக்குக் காட்டுவதை அச்சட்டம் தெளிவாகத் தடைசெய்ய வேண்டும், நிதியைத் திருப்பும் அலுவலர் பொறுப்பேற்க வேண்டும். நிலுவையிலுள்ள அறிக்கையை ஐ.நா. குழுவிடம் அளித்து, விருப்ப நெறிமுறையிலும் இந்தியா இணைய வேண்டும்.

தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. சட்டம் இருந்தும் நிதி நழுவும் என்பதற்குக் கர்நாடகம் சான்று. ஒன்றிய வரவுசெலவு ஆவணங்களின் 10ஏ அறிக்கை பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டைத் திட்டவாரியாகக் காட்டுகிறது. மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் அதை வாசிக்கட்டும். தத்தம் மாவட்டத்தில் எவ்வளவு செலவானது, யாருக்குச் சென்றது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்வழி கேட்கட்டும். கணக்குக் கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் அரசு கணக்கை நேராக எழுதும்.