காலடியில் தொடங்கும் வைத்தியம்

எமது ஊர்களில் வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்தவருக்கு முதலிற் காட்டப்படுவது கதிரையன்று, கிணற்றடி. வந்தவர் கால் கழுவிய பின்னரே திண்ணையில் அமர்வார், தண்ணீர் அருந்துவார், வந்த காரியத்தைச் சொல்வார். வழிநடையின் களைப்பு காலிலேதான் தங்குகிறது என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். இவ்வாரம் நாம் எழுத முற்பட்டிருக்கும் விடயமும் காலிலிருந்தே தொடங்குகிறது. குளிர் மிகுந்த இந்நாட்டில் வீதிகளிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் வாழும் வீடற்றோரின் கால்களைப் பற்றியும், அக்கால்களைத் தேடிச் செல்லும் தாதியரைப் பற்றியுமே இங்கு பேச விரும்புகிறோம்.

கடந்த மாரிகாலத்தின் ஓர் இரவு. ஸ்காபரோவில் இரவிரவாகத் திறந்திருக்கும் கோப்பிக் கடையொன்றில் எம்மவர் ஒருவரைக் கண்டோம். அறுபது வயதைக் கடந்தவர். முன்னே இருந்த கோப்பி ஆறிப்போயிருந்தது. கால்கள் வீங்கியிருந்தமையால் சப்பாத்தின் கயிறுகளைக் கட்ட முடியாமல் அவிழ்த்து விட்டிருந்தார்.

"ஐயா, இன்னும் வீட்டை போகேல்லையோ?" என்று வினவினோம்.

"வீடு இருக்குத் தம்பி. மருமகனுக்கு விடிய வேலை. நான் இருமினால் அதுகளுக்கு நித்திரை இல்லை. அதுதான் இதிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவம் எண்டு..." என்றார்.

அந்தக் 'கொஞ்ச நேரம்' மூன்று மாதங்களாக நீண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். வீட்டில் எழுந்த ஒரு மனத்தாங்கலில் வெளியேறியவர், சில இரவுகளைத் தெரிந்தவர்களின் பேஸ்மென்றிலும் ஏனைய இரவுகளைப் பேருந்திலும் கோப்பிக் கடையிலும் கழித்து வந்தார். 'வீடற்றவர்' என்ற சொல்லை அவர் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. நாமும் அவருக்குச் சூட்டத் தயங்கினோம். எம்மவரிடையே அப்படி எவரும் இல்லை என்பதுதானே நாம் இதுவரை சொல்லி வந்த கதை!

வீடில்லாதவருக்கு முதலிற் கெடுவது கால். இரவு முழுவதும் படுக்க வழியின்றி இருந்தபடியே உறங்குபவரின் கால்களில் நீர் இறங்கித் தேங்குகிறது. வீக்கம் நாட்பட நாட்பட, தோல் மெலிந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமி புகுகிறது. நனைந்த காலுறையை மாற்ற இடமில்லாமையால் பாதத் தோல் ஊறி உரிகிறது. களவு போய்விடும் என்ற அச்சத்தில் சப்பாத்தைக் கழற்றாமலே உறங்குவோர் பலர். இத்துடன் சலரோகமும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். அந்நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியை மழுங்கச் செய்வதால், புண் ஏற்பட்டிருப்பதே நோயாளிக்குத் தெரியாது போகிறது. எம்மவரிடையே 'சீனி வருத்தம்' எவ்வளவு பரவியுள்ளது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகையவர் வைத்தியசாலைக்குச் சென்றால் என்ன நடக்கிறது? புண் கட்டப்படுகிறது, மருந்து எழுதிக் கொடுக்கப்படுகிறது. "காலை உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள், புண்ணை ஈரம் படாமல் காத்துக்கொள்ளுங்கள், உணவுக்குப் பின் மூன்று வேளை மருந்தெடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். படுக்க இடமில்லாதவர் காலை எங்கே உயர்த்தி வைப்பது? ஒரு வேளை உணவுக்கே வரிசையில் நிற்பவர் மூன்று வேளைக்கு எங்கே போவது? இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். மாரியில் வெளியே உறங்குபவர் அதை எந்தச் சட்டைப் பையில் வைத்துக் காப்பது? வைத்தியம் பிழையன்று. ஆயின் அது நோயாளிக்கு ஒரு வீடு உண்டென்று எண்ணிக்கொண்டு சொல்லப்பட்ட வைத்தியம். வீதித் தாதியரின் பணி தொடங்குவது இந்த இடத்திலேதான்.

நோயாளியைத் தேடித் தாதி செல்லும் வழக்கம் புதியதன்று. 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வணிகரான வில்லியம் ராத்போன், மரணப் படுக்கையிலிருந்த தம் மனைவியைப் பராமரித்த மேரி றொபின்சன் என்ற தாதியை, அந்நகரின் ஏழைகளை அவர்களது இருப்பிடங்களுக்கே சென்று கவனிக்கும்படி மூன்று மாதங்களுக்கு நியமித்தார். ஒரு மாதம் கழிந்ததும் அத்தாதி திரும்பி வந்து, தாம் கண்ட துன்பத்தைத் தாங்க முடியவில்லை, தம்மை விடுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ராத்போன் அவரைத் தேற்றித் தொடரச் செய்தார். மூன்று மாதம் முடிந்தபோது அவரே அப்பணியை விட்டுப் போக விரும்பவில்லை. பின்னர் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ஆலோசனையுடன் லிவர்பூலில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. மாவட்டத் தாதியர் என்ற முறை அங்கிருந்தே வேரூன்றியது.

காலைக் கழுவுவதே வைத்தியத்தின் தொடக்கம் என்பதை அண்மைக் காலத்தில் உணர்த்தியவரும் ஒரு தாதியே. 1985ஆம் ஆண்டில் ஜிம் ஓ'கொனல் என்ற இளம் மருத்துவர், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வீடற்றோருக்கான பைன் ஸ்ரீற் விடுதியின் தாதியர் மருந்தகத்துக்குப் பணிக்கு வந்தார். அங்கிருந்த பார்பரா மக்கினிஸ் என்ற தாதி, அவரது ஸ்ரெதஸ்கோப்பை அப்பால் வைக்கச் சொல்லி, வந்தவர்களின் கால்களை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கழுவும் வேலையைக் கொடுத்தார். மருத்துவர்களைக் கண்டாலே விலகிச் சென்றவர்கள், தம் காலடியில் அமர்ந்திருந்தவரிடம் நாளடைவில் தாமாகவே தம் நோய்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அம்மருத்துவர் தம் வாழ்நாட் பணியாக அதையே கொண்டார். வீதியிலிருக்க முடியாத அளவு நோயுற்றும், வைத்தியசாலையில் தங்குமளவு நோயில்லாமலும் இருக்கும் வீடற்றோர் தங்கித் தேறுவதற்கென அந்நகரில் அமைந்த இல்லத்துக்கு இன்று அத்தாதியின் பெயரே வழங்குகிறது.

நாம் வாழும் ரொறன்ரோவில் இப்பணிக்கு வழிகாட்டியது 'ஸ்ரீற் ஹெல்த்' என்ற அமைப்பு. தன்னார்வத் தாதியர் சிலரும் வீடற்றோர் சிலரும் கூடி 1986ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். எம்மவர் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். எம்மவர் இந்நாட்டின் கரையிலே ஒதுங்கிய வேளையில், இந்நாட்டிலே பிறந்தும் ஒதுங்க இடமற்றிருந்தவர்களின் கால்களுக்கு டண்டாஸ் வீதிப் பக்கத்தில் மருந்து கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

இத்தாதியர் மருந்து கட்டுவதுடன் நின்றுவிடவில்லை. தாம் கண்டதை எழுதினார்கள். 1992இல் வெளிவந்த அவர்களது முதல் ஆய்வறிக்கையைத் தொடர்ந்து, 2007இல் வெளிவந்த அறிக்கைக்காக நகர மத்தியிலிருந்த வீடற்றோர் 368 பேர் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நாட்பட்ட உடல்நோய் இருந்தது. மூவரில் ஒருவரிடம் சுகாதார அட்டை இருக்கவில்லை. அனைவருக்கும் வைத்தியம் என்று பெருமை கொள்ளும் நாட்டில், அதற்கான அட்டையை வைத்திருக்க ஒரு பெட்டியோ விலாசமோ இல்லாதவர் அந்த அனைவருள் அடங்கவில்லை என்பதை அவ்வறிக்கை காட்டியது.

இந்நிலை தானாக வந்ததன்று. 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடமைப்புக்கான நிதியை நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோ மாகாண அரசும் அவ்வாறே செய்ததுடன், சமூக உதவிப் பணத்தையும் 21.6 வீதத்தால் வெட்டியது. 1996இன் முற்பகுதியில் வீடற்ற மூவர் சில வாரங்களுக்குள் ரொறன்ரோவின் குளிரில் உறைந்து மாண்டனர். 1998 சனவரியில் பனிப்புயல் கிழக்குக் கனடாவைத் தாக்கி மக்கள் மின்சாரமின்றி வீடுகளை விட்டு வெளியேறியபோது, அது பேரனர்த்தம் எனக் கருதப்பட்டு இராணுவமே உதவிக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில், வீதித் தாதியான கெத்தி குறோவும் தோழர்களும் அமைத்த ரொறன்ரோ அனர்த்த நிவாரணக் குழு, வீடின்மையும் ஒரு தேசிய அனர்த்தமே எனப் பிரகடனம் செய்தது. பெருநகர மேயர்களும் அதனை ஏற்றனர். ஒரு தாதி அரசியல் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே காலுக்கு ஒரே மருந்தை ஒவ்வொரு மாரியிலும் கட்டுபவர், அந்தக் கால் ஏன் ஆறவில்லை என்பதைச் சொல்லாதிருத்தல் தகுமா என்பதே எமது கேள்வி.

இவை எமக்குரிய சங்கதியல்ல என்று இனியும் நாம் எண்ணுவதற்கில்லை. 2023ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் ரொறன்ரோவின் பீற்றர் வீதியிலுள்ள தங்குமிட அனுமதி நிலையத்துக்கு வெளியே, பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்கள் நாட்கணக்காக நடைபாதையில் உறங்கினர். மத்திய அரசும் நகரசபையும் செலவு யாருடையது என்று வாதிட்டுக்கொண்டிருந்தபோது, கறுப்பின மக்களின் தேவாலயங்கள் சில கதவைத் திறந்தன. அந்தப் படங்களைப் பார்த்த எம்மவருட் பலர், தாம் வந்த காலத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் முறைவைத்து உறங்கியதை நினைத்திருப்பர். அன்று எம்மை வீதிக்கு விடாமற் காத்தது அரசன்று. முன்னர் வந்த ஓர் ஊரவரின் பேஸ்மென்ற். அந்த ஊரவர் இல்லாதவருக்கு மிஞ்சுவது நடைபாதையே.

கோப்பிக் கடையிற் கண்ட பெரியவரிடம் திரும்புவோம். அடையாளம் தவிர்த்து எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்துள்ளார். அவரை வற்புறுத்தி, தாதியர் கடமையாற்றும் ஒரு பகல்நேர நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். சுகாதார அட்டை எங்கே என்று எவரும் கேட்கவில்லை. ஓர் இளந்தாதி வெந்நீர் நிறைந்த தொட்டியுடன் வந்து அவர் முன்னே முழந்தாளிட்டு, காலுறையைக் கழற்ற முற்பட்டார். பெரியவர் காலை உள்ளிழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை, என்ரை காலைத் தொடாதை" என்றார். மொழி விளங்காத தாதி எம்மைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் மற்றவர் காலைத் தொடுவது பெரிய காரியம், அதனாற் கூசுகிறார் என்று விளக்கினோம். தாதி சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

பெருவிரலின் கீழே ஒரு புண் இருந்தது. பெரியவர் அதனை அறிந்திருக்கவேயில்லை. இன்னும் சில வாரங்கள் விட்டிருந்தால் விரலை இழக்க நேர்ந்திருக்கலாம் என்றார் தாதி. மறுவாரம் பெரியவர் நிலையத்துக்குப் போகவில்லை. தாதி மருந்துப் பையுடன் அவரைத் தேடிக் கோப்பிக் கடைக்கே வந்தார்.

வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஒன்ராறியோவிலுள்ள சமூக சுகாதார நிலையங்கள், சுகாதார அட்டை இல்லாதவரையும் கவனிக்கின்றன. அருகிலுள்ள நிலையத்தையும் தங்குமிடத்தையும் அறிய 211 என்ற இலக்கத்தை அழைக்கலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கிடைக்கும். உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கும் முதியவர், கணவனின் வன்முறைக்கு அஞ்சிப் பிள்ளைகளுடன் தோழி வீட்டு வரவேற்பறையில் உறங்கும் பெண், வாடகை கொடுக்க முடியாமற் காரிலே படுக்கும் மாணவர் ஆகியோரும் வீடற்றோரே. அவர்களைப் பற்றிக் கோவில் வாசலிற் கதைப்பதைவிட இந்த இலக்கத்தை அவர்கள் கையிற் கொடுப்பது மேல். தங்குமிடங்களுக்குப் பொருள் கொடுக்க எண்ணுவோர் புதிய, தடித்த காலுறைகளைக் கொடுங்கள். பழைய உடுப்புகள் நிறையவே வருகின்றன. காலுறைதான் போதாமல் இருக்கிறது.

தேர்தற் காலத்தில் எமது மண்டபங்களுக்கு வந்து பொன்னாடை ஏற்கும் வேட்பாளர்களிடம், குறைந்த வாடகை வீடுகள் எத்தனை கட்டுவீர்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்கப் பழக வேண்டும்.

பெரியவரின் புண் ஆறிவிட்டது. சப்பாத்தின் கயிற்றை இப்போது கட்ட முடிகிறது. மகள் ஞாயிறுதோறும் வந்து பார்க்கிறார். முதியோருக்கான குறைந்த வாடகை வீட்டுப் பட்டியலில் அவரது பெயர் பதியப்பட்டிருக்கிறது. அழைப்பு இன்னும் வரவில்லை. தாதியின் கையால் ஆகக்கூடியது ஆகிவிட்டது. எஞ்சியது எம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.